போர் தண்ணீரும் பட்டுப் புடவையும்: உப்புத் தண்ணீரைச் சமாளிக்கச் சில குறிப்புகள்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்ற பழைய பெயரும் இதற்கு உண்டு. திரைலோக்கியநாதர் கோயிலையும், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தையும், அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதை சொல்லும் ஓவியங்களையும் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு அன்றாடக் கவலை வேறு. மோட்டார் போட்டால் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை, புதுக் குழாய் ஆறே மாதத்தில் வெள்ளை பூத்துவிடுகிறது.

காஞ்சி வட்டாரத்தில் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. பாலாற்று மணலில் ஊறிவரும் தண்ணீர் ஒன்று. ஓரிக்கை, திருப்பாற்கடல் பக்கத்து ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து நகரத்துக்கு வருவது அதுதான். ஊரார் அதை நல்ல தண்ணி என்பார்கள். மற்றது, வீட்டுக்கு வீடு போட்ட ஆழ்துளைக் கிணற்றில் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருவது. உப்புத் தண்ணி, சப்புத் தண்ணி என்று சொல்வது இதைத்தான்.

உப்புத் தண்ணீர் என்றதும் பலரும் இயந்திரம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுத் தொல்லையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். இந்தக் குறிப்புகள் எல்லாமே அந்த எண்ணத்தில் எழுதியவை.

1. முதலில் பாட்டில் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரைப் பாட்டில் மழைநீர் அல்லது கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், இன்னொன்றில் அதே அளவு உங்கள் போர் தண்ணீர். இரண்டிலும் சலவைக் கட்டிச் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். போர் தண்ணீரில் நுரை அடங்கி, பால் திரிந்தாற்போல் வெள்ளைத் திரிகள் மிதந்தால் தண்ணீர் கடினமானது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டான கரையாத பொருள்தான் அந்தத் திரி. பக்கெட் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் அதுவே. இந்தச் சோதனைக்கு டிடர்ஜென்ட் பவுடர் ஆகாது. அது கடின நீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும்.

2. டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஃபில்டர் விற்க வருகிறவர்கள் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டுவார்கள். கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துத் தோராயமாகச் சொல்கிற எண் அது. அதில் சமையல் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகம் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுத் தண்ணீரையும் சோதித்துத் தருகிறார்கள். மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அறிக்கையைப் படிக்கும் முறை இது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். டி.டி.எஸ்.ஸுக்கு அதே வகையில் 500, 2000. காரத்தன்மை எண்ணைப் பலர் கண்டுகொள்வதில்லை. அது கடினத்தன்மைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் உங்கள் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் தற்காலிகக் கடினம், கொதிக்கவைத்தே குறைக்கலாம். மிகக் குறைவாக இருந்தால் கொதிக்கவைத்து அதிகப் பலன் இல்லை. கோடையின் உச்சத்தில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை சோதித்தால் வித்தியாசம் கையில் கிடைக்கும்.

3. பயம் வேண்டாம். கடின நீர் நஞ்சு அல்ல. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பலரும் உப்புத் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். வெயில் ஊரில் தேவையான அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய காரணம். உப்புத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் எந்தத் தண்ணீர், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அறிக்கையில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை ஃபுளோரைடும் நைட்ரேட்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45 மில்லிகிராமையோ தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் இவை போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

4. தொல்லை வீட்டுப் பொருள்களுக்குத்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள தண்ணீரை ஒரு குடும்பம் நாளுக்கு 500 லிட்டர் செலவழித்தால், 250 கிராம் சுண்ணாம்புச் சத்து தினமும் வீட்டுக்குள் வந்துபோகிறது. பெரும்பகுதி சாக்கடையில் போய்விடும். சூடாகிற இடத்திலும் ஈரம் காய்கிற இடத்திலும் மீதி தங்கும். கீசர், கெட்டில், இட்லிப் பானை, ஷவர், குழாய் வாய் இவற்றை மட்டும் கவனித்தால் போதும் என்பதற்குக் காரணம் இதுதான்.

5. இரண்டு தண்ணீரையும் கலக்காதீர்கள். பல வீடுகளில் மாநகராட்சித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். நல்ல தண்ணீர் வீணாவது அங்கேதான். நல்ல தண்ணீருக்குத் தனியாக 200 அல்லது 300 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, சமையலறைக்கு மட்டும் ஒரு குழாய் இழுத்துவிடுங்கள். பிளம்பருக்கு ஒருநாள் வேலை. குடிக்க, சமைக்க, பட்டு அலச, தலைக்குக் கடைசி சொம்பு ஊற்ற நல்ல தண்ணீர். பாத்திரம் கழுவ, தரை துடைக்க, கழிவறைக்கு, மற்றத் துணிகளுக்குப் போர் தண்ணீர். வாடகை வீட்டில் குழாய் இழுக்க முடியாதென்றால் மூடி போட்ட டிரம் ஒன்றும் சொம்பு ஒன்றும் போதும்.

6. கொதிக்கவையுங்கள், ஆறவிடுங்கள், வடிகட்டுங்கள். தமிழ்ச் சமணக் குடும்பங்களில் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நோன்பிருப்பவர்களும் துறவிகளும் காய்ச்சிய நீரையே அருந்துவார்கள். நுண்ணுயிர்க்கும் தீங்கு வரக்கூடாது என்ற அறத்திலிருந்து வந்த பழக்கம் அது. அதே காய்ச்சுதலும் வடிகட்டுதலும் கடினத்தன்மையையும் குறைக்கின்றன. தண்ணீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம், கொதிக்கும்போது கரிவளியை இழந்து வெள்ளைத் தூளாகப் பிரிந்துவிடும்.

எல்லாரும் விட்டுவிடுவது இதன் பின்பாதியை. தளதளவென்று கொதி வந்தபிறகும் ஐந்து முதல் பத்து நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். இறக்கி மூடி, ராத்திரி முழுவதும் ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலாக இறுத்து, நான்காக மடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கிய இரண்டு விரற்கடைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்த கையோடு கலக்கிக் குடித்தால் பிரிந்த தூள் அத்தனையும் டம்ளருக்கே திரும்பி வரும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் கடினம் இதற்கு அசையாது.

7. கடினத்தைக் குறைக்காதவை. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும். தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்தாலும் கலங்கல் அடங்கும். செம்புக் குடம் சில கிருமிகளைக் கொல்லும். மண்பானை குளிரவைக்கும். கேண்டில் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். புறஊதா விளக்கு கிருமியை அழிக்கும். ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கரைந்த கால்சியத்தை எடுப்பது இவற்றில் எதற்கும் வேலையல்ல.

8. பருப்பு வேகவில்லையா? கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்ற பசையோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. ஊறவைப்பது, வேகவைப்பது இரண்டுக்கும் நல்ல தண்ணீரோ காய்ச்சி இறுத்த தண்ணீரோ எடுங்கள். புளி, தக்காளி எல்லாம் பருப்பு மசிந்த பிறகுதான். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் குழையும். பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் அதில் அழியும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கொண்டைக்கடலை, மொச்சை, காராமணிக்கும் இதே முறைதான்.

9. சோறு மஞ்சளாகப் பொங்கினால், உலை கொதிக்கும்போது எலுமிச்சைச் சாறு நான்கைந்து சொட்டு விடுங்கள். பைகார்பனேட் மிகுந்த தண்ணீரின் காரத்தன்மைதான் அரிசியை மஞ்சளாக்குவது.

10. டிக்காஷனும் தேநீரும். கடின நீரில் தேநீர் போட்டால் மேலே பழுப்பு ஏடு படரும். காபி டிக்காஷன் சப்பென்று இருக்கும். காபியின் இதமான புளிப்பைப் பைகார்பனேட் அடித்துவிடுகிறது. இருக்கிற நல்ல தண்ணீரில் காலைக் காபிக்கு ஒரு சொம்பு ஒதுக்கிவையுங்கள். இதைச் சிக்கனக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

11. இட்லிப் பானையில் புளி. ஆவி போக அடித்தண்ணீர் வற்றும்போது பானை உள்ளே வெள்ளை ஏடு படியும். அலுமினியமானால் கருத்தும் போகும். தண்ணீரோடு ஒரு சுளைப் புளியோ, பிழிந்த எலுமிச்சை மூடியோ போட்டுவிடுங்கள். அந்தப் புளிப்பு, சுண்ணாம்பைப் படியவிடாது. மந்தாரை இலை வைத்து மணிக்கணக்கில் கோயில் இட்லி அவிக்கிற நாளில் இது மிகவும் உதவும். பிரஷர் குக்கரிலும் இப்படியே செய்யலாம்.

12. ஏற்கெனவே படிந்துவிட்டால் எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, கரைத்து கெட்டிலில் ஊற்றி ஒரு கொதி விட்டு, அரைமணி நேரம் ஊறவையுங்கள். பொரபொரவென்று நுரைத்து ஏடு கழன்று வரும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒருமுறை செய்கிற வீட்டில் கத்தியால் சுரண்டுகிற அவசியமே வராது. கத்தி போட்ட கீறலில் அடுத்த படிவு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

13. ஷவரும் குழாய் வாயும். ஷவர் தலையைக் கழற்ற முடிந்தால் அதே கரைசலில் ஒருமணி நேரம் முக்கி வைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கழற்ற வராவிட்டால் பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் அதில் அமிழும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். குழாய் வாயில் இருக்கும் சல்லடையைத் திருகி எடுத்துக் கழுவினால், தண்ணீர் குறைவாக வருகிறது என்ற புகார் பல வீடுகளில் அன்றைக்கே தீரும். குளித்தபின் கண்ணாடியையும் குழாயையும் ஒரு துணியால் ஈரம் போகத் துடைப்பது எல்லா மருந்தையும்விட நல்லது. ஈரம் காய்ந்தால்தானே கறை?

14. மிக முக்கியமான எச்சரிக்கை. எலுமிச்சை உப்பு, வினிகர், கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட் எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள். ஒன்றைப் போட்ட இடத்தில் உடனே மற்றொன்றையும் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். குளியலறை போன்ற மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. மொசைக், மார்பிள் தரையில் எந்தப் புளிப்பும் படக்கூடாது. மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கல் என்பதால் கறையோடு தரையும் அரிக்கும்.

15. துணி துவைக்கச் சலவைச் சோடா. சமையலுக்குப் போடும் ஆப்ப சோடா வேறு, இது வேறு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினமுள்ள தண்ணீர் ஒரு பக்கெட், 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 கிராம் சுண்ணாம்புச் சத்து. அதைப் பிரித்தெடுக்கச் சலவைச் சோடாத் தூள் ஏறக்குறைய 10 கிராம் வேண்டும், அதாவது இரண்டு தேக்கரண்டி. கட்டியாக, பளிங்கு போலிருக்கும் வகையானால் 25 கிராம். முதலில் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சோப்பைப் போடுங்கள். சோப்புச் செலவு கண்கூடாகக் குறையும். கைக்கு எரிச்சல் வரலாம், கையுறை நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் சோடாத் தண்ணீரை வைக்காதீர்கள். பட்டு, கம்பளித் துணிகளுக்கு இது கூடவே கூடாது.

16. வாஷிங் மெஷினில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணி போடாமல், எலுமிச்சை உப்பு 100 கிராம் போட்டு வெந்நீர் ஓட்டம் ஒன்று விடுங்கள். உங்கள் மெஷினுக்கான கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். தண்ணீர் உள்ளே நுழையும் குழாயின் முனையில் சின்னச் சல்லடை இருக்கும்; அதையும் கழுவுங்கள்.

17. பட்டுப் புடவை. இந்த ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுப் பட்டைப் பேசாமல் இருக்க முடியாது. காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று நெசவுத் தெருக்களில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் வேதியியல் உண்மை இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்ற கோந்து பூசியிருக்கும். நூலின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு அதுவே. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்து அந்தக் கோந்தை நீக்கிய பிறகுதான் பட்டுக்கு மென்மையும் ஒளியும் வரும். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு திரிந்து நூலிலேயே ஒட்டும். ஒட்டிய இடத்தில் சாயம் சரியாக ஏறாது. திட்டுத் திட்டாக நிற்கும். அதனால்தான் சாயம் போடுகிறவர்கள் எப்போதும் நல்ல தண்ணீரைத் தேடினார்கள். சாயக் கழிவும் சாக்கடையும் கலந்து வேகவதி இன்று இருக்கிற நிலையைப் பார்க்கும்போது, நல்ல தண்ணீரால் பேர் வாங்கிய ஊர் இது என்பது மனதைக் குத்துகிறது.

சாயப் பட்டறையில் நூலுக்கு நேர்வதுதான் வீட்டில் புடவைக்கும் நேர்கிறது. போர் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசிய பட்டு, காய்ந்ததும் மங்கித் தெரியும், தொட்டால் சொரசொரக்கும். சாயம் போய்விட்டது என்று நினைப்போம். பல நேரம் அது மேலே படிந்த சுண்ணாம்புச் சோப்புதான். முதல் சில தடவை டிரை வாஷ் கொடுங்கள். பிறகு வீட்டில் அலசுவதானால் மழைநீர் அல்லது நல்ல தண்ணீர், அதுவும் குளிர்ந்ததாக. ஒரு தடவைக்கு ஒரு புடவை. ஊறவைக்காமல் சில நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறமென்றால் கரையைத் தனியாகப் பிடித்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

சாயம் நிற்க உப்புப் போடச் சொல்வார்கள். சரிகை உள்ள புடவைக்கு வேண்டாம். உப்பு, வெள்ளியையும் செம்பையும் கருக்கவைக்கும். அதே காரணத்துக்காக எலுமிச்சையும் வினிகரும் சரிகையின் பக்கமே போகக்கூடாது.

18. பூந்திக்கொட்டை. பட்டுக்குச் சோப்பைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். பூந்திக்கொட்டையில் நுரைப்பது சபோனின். சோப்பைப் போல அது கால்சியத்தோடு சேர்ந்து திரியாது. நல்ல தண்ணீர் கிடைக்காத நாளில்கூடப் பட்டின்மேல் படிவு விழாது. கொட்டையை நீக்கி, ஏழெட்டுத் தோலை அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, அரைப் பக்கெட் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். வெளிர் நிறப் பட்டானால் முந்தானை உட்புறத்தில் ஓரமாக நனைத்துப் பாருங்கள். லேசான பழுப்பு ஏறாது என்று தெரிந்தபின் முழுப் புடவையையும் போடலாம். கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

19. தலைமுடிக்குச் சீயக்காய் நல்லது என்பதற்கும் காரணம் அந்தச் சபோனின்தான். ஷாம்பு போடுகிறவர்கள் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டால் பிசுக்கு போய்விடும். ஒரு சொம்பில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்தும் ஊற்றலாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்டனர் இயந்திரத்தை வைத்தால் குழந்தைகளின் கரப்பான் குணமாகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. சாஃப்டனர் வைத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. கரப்பானுக்குத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

20. கீசர். சூடு ஏற ஏறப் படிவும் கூடும். வெப்பத்தை 55 டிகிரிக்குமேல் வைக்காதீர்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கரைத்துக்கொடுப்பது அது. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் தீர்ந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்து அந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேற்றும் காயிலில் படிந்த ஏட்டையும் நீக்கச் சொல்லுங்கள். கீசர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தால் படிவு தடித்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரம் சம்பந்தப்பட்டது, நீங்களே திறக்க வேண்டாம்.

21. இன்வர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரும் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். ஆவி வரும் இஸ்திரிப் பெட்டியில் சுத்தமாக வடிகட்டிய மழைநீர் ஊற்றலாம். பட்டுப் புடவை மேல் வெள்ளைச் சொட்டு விழாது.

22. மழைநீர். கடினமே இல்லாத தண்ணீர் வானத்திலிருந்து இலவசமாக வருகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. குப்பை அடைத்துக் கிடக்கும், அவ்வளவுதான். கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் பெய்தால் சிந்தியது போக ஏறக்குறைய 900 லிட்டர் கிடைக்கும். வீட்டிலுள்ள பட்டுப் புடவைகளுக்கும் மாதக்கணக்கில் பருப்புக்கும் அது போதும்.

புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டிக் கழுவிவிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிட மழையை வெளியே போகவிட்டு, பிறகு வருவதைத் துணி வடிகட்டி வழியாகத் தொட்டியில் பிடியுங்கள். வெளிச்சமும் கொசுவும் நுழையாதபடி மூடுங்கள், டெங்கு கொசு தெளிந்த தண்ணீரிலும் முட்டையிடும். குடிப்பதற்கானால் காய்ச்சிக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ போருக்குப் பக்கத்துக் குழிக்கோ திருப்பிவிட்டால், வருடங்கள் போகப்போகப் போர் தண்ணீரின் கடினமும் குறைய வழியுண்டு.

23. சாஃப்டனர் வாங்குவதானால். இதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். குழாய், கீசர், மெஷினுக்கு மிக நல்லது. ஆனால் 100 மில்லிகிராம் கடினத்தை எடுக்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். 500 எடுத்தால் 230. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வீட்டில் இந்தத் தண்ணீரைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மணிகளைக் கழுவிய உப்புநீரைச் செடிக்கு ஊற்றினால் மண் கெடும். மழைநீர்க் குழியில் விட்டால் அடுத்த வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும்.

24. ஆர்.ஓ. குடிநீருக்கு மட்டும். டி.டி.எஸ்., ஃபுளோரைடு, நைட்ரேட் அளவைத் தாண்டியிருந்தால் இது தேவை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே டி.டி.எஸ். உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதே, தண்ணீர் வீணாவதைப் பார்த்துத்தான். பழைய வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டர் கிடைக்க மூன்று லிட்டர் வெளியேறும். அந்தக் கழிவுநீரைக் குடத்தில் பிடித்துக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் எடுங்கள். செடிகளுக்குத் தினமும் ஊற்றாதீர்கள்.

25. குழாயில் மாட்டும் காந்தம், மின்னணுக் கருவி. கடினத்தையே இல்லாமல் செய்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். கால்சியம் தண்ணீரில் இருந்த அளவிலேயே இருக்கும். படிவு குறைகிறது என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. விற்க வருகிறவரிடம் கருவி மாட்டுமுன் ஒரு பாட்டில், மாட்டியபின் ஒரு பாட்டில் எடுத்து, குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கடினத்தன்மையைப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். சம்மதித்தால் அறிக்கை வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.